ஆபீஸ் சாப்பாட்டு டப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாகத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கையில் டப்பாவோடு போய்வந்துகொண்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு மூடுகிற டப்பா மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் ஆறு மணி நேரம், அதில் ஒன்றேகால் மணி நேரம் கூட்ட நெரிசலில். ஆபீஸில் ஃபிரிட்ஜ் கிடையாது, மைக்ரோவேவ் ஒன்று இருக்கிறது, அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சொந்தக்காரப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாளைக்கு என்ன கட்டுவது என்று ராத்திரி யோசித்தே தலைவலி வருகிறது. எங்கே ஆரம்பிப்பது?

கிழமைக்கு ஒரு வகை என்று பிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் திங்கள் புளிப்புச் சாதம், செவ்வாய் குழம்பும் காயும், புதன் டிபன், வியாழன் பொடி போட்ட சாதம், வெள்ளி தயிர் சாதம் அல்லது குக்கரில் ஒன்றாகப் போட்டு இறக்குகிற ஏதாவது ஒன்று. திங்களுக்குப் புளிப்பு வைத்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம்தான்: ஞாயிற்றுக்கிழமை காய்ச்சிய புளிக்காய்ச்சல் இருக்கும், சாதம் மட்டும் வடித்தால் போதும். "என்ன சமைக்கலாம்" என்று கேட்டால் பதில் வராது. "இந்த வாரம் எந்தப் புளிப்பு" என்று கேட்டால் எலுமிச்சையா, தக்காளியா, மாங்காயா என்று ஒரு நிமிடத்தில் வந்துவிடும். ஆறு வகைப் புளிப்பு, ஐந்து வகைப் பொடி, நாலு வகை டிபன் கையில் இருந்தால் ஒரே டப்பா மறுபடி வர ஒரு மாதம் ஆகும்.

இன்னொன்று, அடுப்பில் இருந்து இறக்கியதும் ருசி பார்த்து மயங்காதீர்கள். ஒரு மணிக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கணக்கு. சூடாக இருக்கும்போது பிரமாதமாக இருக்கிற ரவா உப்புமா மதியம் சிமெண்டுக் கட்டி. காலையில் சுமாராகத் தெரிகிற வத்தக்குழம்பு மதியம் அமிர்தம்.

கலந்த சாதம் என்றால் புளி, எலுமிச்சை, தயிர் தவிர வேறு என்ன இருக்கிறது?

நிறைய. மாங்காய் வருகிற மாதங்களில் கிளிமூக்கு மாங்காயைத் துருவி, கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயத்தோடு இரண்டு நிமிடம் வதக்கிச் சாதத்தில் கலக்கலாம். பெரிய நெல்லிக்காயும் அதே மாதிரிதான், கொஞ்சம் துவர்க்கும், அதனால் மிளகாய் ஒன்று கூட. கறிவேப்பிலைச் சாதம், எள்ளுச் சாதம், கொத்தமல்லி அரைத்த சாதம், புதினாவும் பட்டாணியும் போட்டது, கத்தரிக்காய் வதக்கிப் பொடி தூவுகிற வாங்கி பாத், முட்டைக்கோஸ் சாதம், குடைமிளகாயில் வேர்க்கடலைப் பொடி போட்டது. தேங்காய்ச் சாதமும் உண்டு, ஆனால் அதைப் பற்றிக் கீழே எச்சரிக்கை இருக்கிறது.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது கொங்குப் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே துவரம்பருப்பு. குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், தட்டிய மிளகு, வரமிளகாய், ஒரு கை சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பூண்டுப் பல், ஒரு தக்காளி, மஞ்சள்தூள் எல்லாம் வதக்கி, அரிசி பருப்பைக் களைந்து போட்டு, உப்புச் சேர்த்து மூன்று விசில். வீட்டில் உடனே சாப்பிட மூன்று டம்ளர் தண்ணீர் போதும், டப்பாவுக்கு மூன்றரை விடுங்கள். பருப்பு ஆற ஆற இறுகும், அந்த அரை டம்ளர்தான் மதியம் கரண்டி உள்ளே போவதற்கு. மேலே ஒரு ஸ்பூன் நெய். காலையில் பார்க்கக் கொழகொழவென்று இருக்கும், பயப்படாதீர்கள்.

எந்தக் கலந்த சாதமானாலும் பொதுவாக மூன்று விஷயம். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு ஆறவைத்த பிறகு கிளறினால் குழையாது. உப்பும் புளிப்பும் நாக்குக்குச் சரி என்று தோன்றுவதைவிட ஒரு சிட்டிகை கூடவே இருக்கட்டும், மதியத்துக்குள் சாதம் இழுத்துக்கொள்ளும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதித்தால் கசக்கும். அரிசி புழுங்கலா பச்சையா என்றால் எனக்குப் புழுங்கல்தான்; பச்சரிசிச் சாதம் ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடையாகிவிடுகிறது.

தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறதே?

காலையிலேயே தயிர் சாதமாகக் கட்டினால் புளிக்கத்தான் செய்யும். பால் சாதமாகக் கட்டுங்கள், அது டப்பாவுக்குள்ளேயே தயிர் சாதம் ஆகும். சாதத்தைக் குழைய வடித்து மத்தால் மசித்து, காய்ச்சிக் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பாலை ஒரு டம்ளர் சாதத்துக்கு ஒன்றரை டம்ளர் விட்டு, புளிக்காத தயிர் இரண்டு ஸ்பூன் கலந்து மூடினால், ஒரு மணிக்குச் சரியாக உறைந்து இனிப்பும் புளிப்பும் கலந்த பதத்தில் இருக்கும். சித்திரை வெயிலில் ஒரு ஸ்பூன் தயிர் போதும். மார்கழியில் மூன்று. பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தயிரைக் கலந்தால் திரிந்துவிடும், அந்த அவசரம் மட்டும் வேண்டாம்.

காலையில் பார்த்தால் கஞ்சி மாதிரி ஓடும். முதல் தடவை என் டப்பாவைப் பார்த்த பக்கத்து நாற்காலி அக்கா, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மதியம் அவரே இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். மாதுளை முத்து, திராட்சை போடலாம். வெள்ளரிக்காய் தண்ணீர் விடும், அதைத் தனியாக நறுக்கி வைத்துச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளுங்கள். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்ததைச் சாதத்தோடு காலையிலேயே கலக்கலாம், ஒன்றும் ஆகாது.

வெயில் காலத்தில் சாப்பாடு கெட்டுப்போகிறது. என்ன செய்வது?

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மே மாதம் தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியலைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் லீவு போட்டவள் நான். டப்பாவைத் திறந்ததும் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. சாய்த்ததும் அது அப்படியே பொரியல் மேல் வடிந்தது. லேசாக ஒரு நெடி. பசியில் கவனிக்காமல் சாப்பிட்டேன்.

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். சமைத்ததை இந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் அடிக்கிறது என்றால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் சென்னையில் மே மாதம் யாரும் டப்பா கட்ட முடியாது. ஆனால் கணக்கு தப்பு என்றும் சொல்லமாட்டேன். அதனால் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

ஒன்று, சூடாகவே வைத்திருப்பது. வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிய ஹாட் பேக்கில், கொதிக்கக் கொதிக்க இருக்கும் சாதத்தையும் குழம்பையும் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். பாதி காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறும். இரண்டு, குளிர்ச்சியாக வைப்பது: ஆபீஸில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனதும் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பைக்குள் ஒரு ஐஸ் பேக். மூன்று, கெடுவதற்குச் சீக்கிரம் இடம் கொடுக்காததைக் கட்டுவது, அதாவது புளிப்பு உள்ளதும் ஈரம் குறைந்ததும். பழனிக்கும் திருப்பதிக்கும் போனவர்கள் மூட்டையில் புளியோதரை கட்டியது சும்மா இல்லை. புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் ஈரமில்லாமல் உதிரியாக இருப்பதும் சேர்ந்து ஒரு பகல் தாங்கும்.

மோசமானது வெதுவெதுப்பாக அடைத்து மூடுவது. ஒன்று கொதிக்க அடையுங்கள், இல்லை நன்றாக ஆறவிட்டு அடையுங்கள், நடுவில் வேண்டாம்.

அக்னி நட்சத்திரம் முடிகிறவரை டப்பாவில் பச்சைத் தேங்காயே வேண்டாம். பொரியலில் தேங்காய்க்குப் பதில் வேர்க்கடலைப் பொடி அல்லது தனியாவும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்தது. தேங்காய்ச் சாதம் கண்டிப்பாக வேண்டுமென்றால் துருவலைச் சிவக்க வறுத்துவிடுங்கள், அதுவும் மழைக்காலத்தில். கூட்டும் கீரையும் வீட்டில் சாப்பிடுகிற நாளுக்கு.

முந்தின நாள் சாதம் பற்றியும் கேட்பார்கள். சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைபோன்ற வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. இரவெல்லாம் மேடையில் கிடக்கிற சாதத்தில் அது பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மீந்த சாதத்தைச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், காலையில் ஆவி பறக்கச் சூடு பண்ணி முட்டைச் சாதம் செய்யலாம். வெளியே கிடந்ததை டப்பாவுக்கு எடுக்காதீர்கள்.

சாம்பார், ரசம் கொண்டுபோகலாமா?

ரசம் வேண்டாம். என் சேலையும் ரயிலில் எதிர்சீட்டுக்காரரின் ஃபைலும் சாட்சி. சாம்பார் என்றால் திருகு மூடி உள்ள சின்ன எவர்சில்வர் டப்பாவில், கெட்டியாக, காய் கூடப் போட்டு. மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்ளுங்கள், பாத்திரம் தேய்க்கும்போது அது கழன்று வேறு எங்கோ போய்விடுகிறது. பைக்குள் நிற்கவைத்துப் போங்கள். என் சொந்த ஓட்டு வத்தக்குழம்புக்கும் காரக்குழம்புக்கும்தான், சிந்தினாலும் கொஞ்சமாகச் சிந்தும், பருப்பில்லாததால் சாம்பாரைவிட நன்றாகத் தாங்கும். மோர்க்குழம்பில் தேங்காய், மோர் இரண்டுமே இருக்கிறது, யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காலையில் நேரமே இல்லை. ஐந்தரைக்கு எழுந்தாலும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுக்க அரை மணி நேரத்தில் டப்பா மூடலாம். நான் செய்வது: ஒரு புளிக்காய்ச்சல் அல்லது தக்காளித் தொக்கு, ஒரு பொடி, சின்ன வெங்காயம் உரித்தது, பூண்டு உரித்தது, கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ வேகவைத்துப் பிரித்து ஃப்ரீசரில் இரண்டு டப்பா.

புளிக்காய்ச்சலுக்கு அளவு கேட்பவர்களுக்கு: புளி 100 கிராம், வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் 150 மில்லி. கை நடுங்கினால் நாள்பட வராது. கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பத்துப் பன்னிரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூள், உப்போடு கரைசலை விட்டு, எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கி மேலே மிதக்கும்வரை கொதிக்கட்டும், அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு ஸ்பூன், எள் இரண்டு ஸ்பூன், தனியா இரண்டு ஸ்பூன், ஒரு துண்டு வெல்லம். ஆறியதும் காய்ந்த பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் கவலையில்லை, ஈரக்கரண்டி மட்டும் போகக்கூடாது. எங்கள் வீட்டில் ஈரக்கரண்டி போடுகிறவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், பெயர் சொல்லவில்லை.

பொடி சாதத்துக்குச் சோதனை என்னவென்றால் நெய். பருப்புப் பொடியோ கறிவேப்பிலைப் பொடியோ காலையிலேயே பிசைந்தால் மதியம் உலர்ந்து தொண்டையை அடைக்கும். சூடான சாதத்தில் எண்ணெயோ நெய்யோ தாராளமாக விட்டுப் பிசைய வேண்டும், இல்லாவிட்டால் பொடியைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே கலந்துகொள்ள வேண்டும். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது.

சப்பாத்தி அப்பளமாகிவிடுகிறது.

மாவை வெதுவெதுப்பான நீரில், ஒரு கரண்டி தயிர் விட்டுத் தளர்வாகப் பிசைந்து அரை மணி ஊறவிடுங்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுச் சட்டென்று எடுக்க வேண்டும். மெதுவான தீயில் கிடந்தால்தான் வறண்டு போகிறது. சுட்டதைப் பருத்தித் துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லேசாகச் சூடு தணிந்ததும் துணியோடு டப்பாவில் வையுங்கள். தொட்டுக்கொள்ள குருமா வேண்டாம் (தேங்காய்), தக்காளித் தொக்கு, உருளைக்கிழங்கு மசாலா, கெட்டியான கொண்டைக்கடலை, முட்டைப் பொடிமாஸ். பொடிமாஸை உள்ளே வைத்துச் சுருட்டிக் கட்டினால் மீட்டிங் நடுவில்கூடச் சாப்பிடலாம்.

இட்லி, தோசை?

பொடி இட்லி மாதிரி ஒரு டப்பா கிடையாது. இட்லி சூடாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைத் தடவி அடுக்கினால், மதியத்துக்குள் எண்ணெய் உள்ளே இறங்கி, காலையில் சாப்பிட்டதைவிட ருசியாக இருக்கும். சட்னி தேவையில்லை. தோசை வேண்டாம், ரப்பர். ஊத்தப்பமும் அடையும் பரவாயில்லை. இடியாப்பம் மீந்தால் உதிர்த்து எலுமிச்சைச் சேவையாக்கிவிடுங்கள்.

எந்தச் சாதத்துக்கு எந்தக் காய்?

புளியோதரைக்கு வறுத்த அப்பளமோ வடகமோ போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குச் சேனைக்கிழங்கு வறுவல் வேண்டும். தயிர் சாதத்துக்கு உருளைக்கிழங்கு காரமாக வறுத்தது, அல்லது மாவடு. வத்தக்குழம்புக்குப் பீன்ஸ் பருப்பு உசிலி. எலுமிச்சைச் சாதத்துக்கு வாழைக்காய். அரிசியும் பருப்புக்கும் ஒன்றும் வேண்டாம், ஊறுகாய் மட்டும். வெண்டைக்காய் கட்டுவதென்றால் நறுக்குவதற்கு முன் துடைத்துக் காயவிட்டு, வதக்கும்போது ஒரு ஸ்பூன் தயிரோ புளித்தண்ணீரோ விட்டு, நன்றாகச் சுருள வதக்குங்கள், மூடி போட்டு வேகவைத்தால் மதியம் கொழகொழப்பாக இருக்கும்.

அசைவம் கொண்டுபோகலாமா?

ஆபீஸைப் பொறுத்தது. எங்கள் ஆபீஸில் சில பேர் சாப்பிடமாட்டார்கள், புரட்டாசியில் இன்னும் சில பேர் கூடுவார்கள், அதனால் மேஜையில் இடம் பார்த்து உட்காருகிறோம், யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. முட்டை எப்போதும் நல்லது: மிளகு போட்டு வறுத்த அவித்த முட்டை, முட்டைச் சாதம். கோழி என்றால் காலையில் புதிதாகச் செய்த, நீர் வற்றிய மிளகு வறுவல். குழம்பாக வேண்டாம். மீன் வறுவல் கொண்டுபோகலாம், ஆனால் அதை ஆபீஸ் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், அடுத்த நாலு நாள் எல்லோருடைய சாதமும் மீனாக மணக்கும். கருவாடு? வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சிறுதானியம் டப்பாவுக்குச் சரிவருமா?

வரும், ஆனால் வெறும் சாதமாக இல்லை. சாமையும் குதிரைவாலியும் ஆறினால் மணல் மாதிரி உதிரும். பிசிபேளாபாத், அரிசியும் பருப்பும், தயிர் சாதம் என்று ஈரமுள்ளவற்றில் அரிசிக்குப் பதிலாகப் போடுங்கள். வரகில் பிசிபேளாபாத் எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை.

சாதமாகவே இருக்கிறதே, புரதம்?

நியாயமான கேள்வி, நம் டப்பாவில் பெரும் ஓட்டை இதுதான். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராமைத் தொடும், 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்கு இருக்கும். கலந்த சாதத்தைக் கால் பங்கு குறைத்து அந்த இடத்தில் சுண்டல் வையுங்கள். எலுமிச்சைச் சாதமும் தட்டைப்பயறுச் சுண்டலும் நல்ல ஜோடி, நாலு மணிக்குப் பஜ்ஜிக் கடைப் பக்கம் கால் போகாது.

எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா, கண்ணாடியா?

எவர்சில்வர். விழுந்தால் உடையாது, புளிக்கும் எண்ணெய்க்கும் கறை பிடிக்காது. மைக்ரோவேவில் மட்டும் வைக்கக்கூடாது, அதற்காக ஆபீஸ் டிராயரில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் போட்டு வைத்திருக்கிறேன். கண்ணாடி டப்பா கார்க்காரர்களுக்குச் சரி, ரயிலில் தூக்கிப் பாருங்கள் கனம் தெரியும்.

அப்பளம் நமத்துப்போகாமல் கொண்டுபோக வழி உண்டா?

பொரித்து எண்ணெய் வடித்து, முழுக்க ஆறிய பிறகு தனி டப்பாவில், காற்றுப் புகாமல். சாதத்து டப்பாவின் மேல்தட்டில் வைத்தால் ஆவி ஏறி நமத்துவிடும். உளுந்து அப்பளத்தைவிட அரிசி வடகம் தாங்கும், அதைவிட மோர்மிளகாய் தாங்கும். எத்தனை எடுத்துப்போனாலும் உங்களுக்கு ஒன்றுதான் மிஞ்சும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.